பர்லியார் வீட்டுக்கு இந்த வருஷம் யார் முறை?

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க குடும்பத்துல ஒரு போன் கட்டாயம் வரும். பெரியப்பா பையன்தான் பேசுவான். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. நேரா விஷயத்துக்கு வந்துடுவான்.

"ஏண்டா, பர்லியார் வீட்டுக்கு இந்த வருஷம் யார் முறை?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி நாற்பது வருஷத்துக் கதை இருக்குங்க. சண்டை, பேச்சுவார்த்தை முறிவு, அத்தைங்க கண்ணீர், ஒரு இடிஞ்ச சுவர், எல்லாமே இருக்கு. போன வாரம் அந்தப் பழைய நோட்டு மறுபடி கையில கிடைச்சுது. அதான் கொசுவத்தியைச் சுத்த ஆரம்பிச்சுட்டேன். கொஞ்சம் சரித்திரமும் கலந்துதான் வரும். பொறுத்துக்குங்க மக்களே.

மலையில வீடுன்னதும் கணப்பு, கண்ணாடி ஜன்னல், ரோஜாத் தோட்டம்னு சினிமா பங்களாவைக் கற்பனை பண்ணிடாதீங்க. மூணு அறை, முன்னாடி ஒரு திண்ணை, பின்னாடி சமையல்கட்டு, மேலே மங்களூர் ஓடு. சுத்தி ஒரு ஏக்கருக்கும் கம்மியா சரிவு நிலம். அதுல நாலு பலா, கொஞ்சம் காப்பிச் செடி, பலா மேல ஏறின மிளகுக் கொடி. அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்துல உருளைக்கிழங்கு மண்டி வெச்சிருந்த எங்க அப்பாரு (கோவைப் பக்கத்துல அப்பாவோட அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1958ல வாங்கினது. "வெயில் காலத்துல புள்ளைக போய் இருக்கட்டும்"னு வாங்கினாராம். வாங்கும்போது மழைக்காலத்தைப் பத்தி அவர் யோசிக்கவே இல்லை.

பஸ்ல ஊட்டிக்குப் போன எல்லாருக்கும் பர்லியாரைத் தெரியும். ஆனா ஊர்ப்பேர் தெரியாது. மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, காது அடைக்க ஆரம்பிக்கிற நேரத்துல ரோட்டோரமா கடைகள் வரும். பலாச்சுளை, மங்குஸ்தான், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்னு தொங்கவிட்டிருப்பாங்க. சீசன்ல துரியனும் வரும். அதைச் சாப்பிட்டா குழந்தை பிறக்கும்னு நம்பி எங்கிருந்தெல்லாமோ தேடி வருவாங்க. கடைக்கு எதிர்ல கைப்பிடிச் சுவர்ல குரங்குங்க வரிசையா உக்காந்து நம்ம கையையே பாத்துட்டிருக்கும். அதான் பர்லியார். குன்னூருக்குக் கிட்டத்தட்ட நடுவழி.

இங்க குளிர்காலம்னா வேற. ஊட்டியில டிசம்பர், ஜனவரின்னா உறைபனி விழும். புல் மேல வெள்ளையா உப்பு தூவின மாதிரி இருக்கும். ஊட்டி 7,000 அடிக்கு மேல. பர்லியார் அதுல பாதி உயரம்கூட இல்லை. பனி உறையாது. எங்களுக்குக் குளிர்காலம்னா தண்ணிதான். நீலகிரியோட மேற்குப் பக்கம், கூடலூர் மாதிரி ஊருங்க ஜூன் ஜூலை தென்மேற்குப் பருவமழையில நனையும். கிழக்குச் சரிவுல இருக்கிற குன்னூர், கோத்தகிரி, பர்லியாருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. வங்காள விரிகுடாவுல ஒரு புயல் உருண்டா எங்க வீட்டு முகட்டு ஓடு ஆடும்.

அதனால வேலைங்க எல்லாம் அந்த மூணு நாலு மாசத்துலதான் வந்து குவியும். மழைக்கு முன்னாடி உடைஞ்ச ஓட்டை மாத்தணும். பாதி குரங்கு வேலை. ஓட்டைத் தூக்கிப் பாத்துட்டு அப்படியே நகர்த்தி வெச்சிட்டுப் போயிடும். ரீப்பர்ல கரையான் ஏறியிருக்கான்னு தட்டிப் பாக்கணும். தகரப் பீலியில அடைஞ்ச பலா இலையை வாரணும். எல்லாத்துக்கும் மேல, வீட்டுக்குப் பின்னாடி மேட்டுப் பக்கம் வெட்டியிருக்கிற வடிகாலைத் தூர் வாரணும். மழை நின்னதும் சுவருக்குச் சுண்ணாம்பு. பாய், தலையணை, ஜமக்காளம் எல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும், வெயில்ல போடணும். அதுக்குள்ள காப்பிப் பழம் சிவந்துடும். அதை முடிச்சா மிளகு. இதுக்கு நடுவுல கால்ல அட்டை ஏறும். அதுக்குன்னே ஒரு துணியில உப்பு முடிஞ்சு வெச்சிருப்போம்.

இதையெல்லாம் யார் செய்யறது? இந்தக் கேள்வி எங்க குடும்பத்துக்கு மட்டும் வந்தது இல்லீங்க. அந்த மலைக்கே வந்த கேள்வி.

* * *

1819ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறினார்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கோத்தகிரிக்குப் பக்கத்துல கன்னேரிமுக்குல ஒரு வீடு கட்டினார். அப்புறம் ஊட்டிக்குப் போய் 1822ல கல் பங்களாவைக் கட்ட ஆரம்பிச்சார். ரெண்டும் ஒரே ஆள் கட்டினது, ஏறக்குறைய ஒரே காலம். ஊட்டி கல் பங்களா அரசாங்க ஆபீஸா இருந்து, இன்னிக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள நல்லபடியா நிக்குது. கன்னேரிமுக்கு வீடு கவனிக்க ஆளில்லாம பாழடைஞ்சு, 2000க்கு அப்புறம்தான் மீட்டெடுத்து, இப்ப சலிவன் நினைவகமா இருக்கு. கல்லும் சுண்ணாம்பும் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஒண்ணுல தினமும் யாரோ கதவைத் திறந்து மூடிட்டு இருந்தாங்க, இன்னொண்ணுல இல்லை. வித்தியாசம் அதான்.

1870ல இருந்து ஊட்டி சென்னை மாகாணத்தோட கோடைத் தலைநகர் ஆச்சு. வெயில் ஆரம்பிச்சா கவர்னர், செயலாளர்கள், ஃபைல், குமாஸ்தா எல்லாம் மலையேறிடும். குதிரைப் பந்தயம், வேட்டை, விருந்துன்னு ஒரே திருவிழா. சீசன் முடிஞ்சா அத்தனை பேரும் இறங்கிடுவாங்க. மகாராஜாக்கள் அரண்மனைகளும் அப்படித்தான். அப்புறம் அந்தப் பங்களாக்களோட கதி என்ன? பட்லர், மாலி, காவக்காரன்தான். கூரையில ஏறி ஓட்டை அடைச்சதும், பனியில செடி கருகாம மூடி வெச்சதும், எலி கடிக்காம திரைச்சீலையைக் கட்டி வெச்சதும் அவங்கதான். அடுத்த ஏப்ரல்ல துரை வந்து இறங்கும்போது எல்லாம் வெச்ச இடத்துல இருக்கும். துரைசாணிங்க எழுதின கடிதத்துல பூவும் மூடுபனியும் வரும். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டைப் பிடிச்சு நிறுத்தினவங்க பேர் வராது. ஊட்டியோட சரித்திரம் பெரும்பாலும் கோடையில எழுதின சரித்திரம்ங்க.

பர்லியாருக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1857 வாக்குல, கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஈ.பி. தாமஸ் இங்க சொந்தமா ஒரு தோட்டம் போட்டார். நீலகிரி அப்ப கோயமுத்தூர் ஜில்லாவுல சேர்ந்திருந்துது. 1868லதான் தனியா ஒரு கமிஷனர் வந்தார். ஊட்டியில குளிர்நாட்டுச் செடி வெச்சாங்க. இங்கயோ வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம், அதனால ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான்னு கீழ்த்திசைத் தீவுகளோட மரங்கள். 1871ல அந்தத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இன்னிக்கும் அரசு தோட்டக்கலைப் பண்ணையா ரோட்டோரத்துலயே இருக்கு.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. மங்குஸ்தான் விதை போட்டுக் காய்க்கவே எட்டு பத்து வருஷம் ஆகும். வெச்சவர் காய்க்கிற வரைக்கும் இருக்கணும்னு அவசியம் இல்லை, மாத்தல் ஆகிப் போயிடுவார். அடிவாரக் காய்ச்சலுக்குப் பயந்து வெள்ளைக்காரங்க ராத்திரி தங்கவே யோசிச்ச பகுதி இது. அங்கயே கிடந்து தண்ணி ஊத்தி, களை எடுத்து, வௌவால் விரட்டினது யாரு? பலகையில தாமஸ் பேர் வரும், வருஷம் வரும். மிச்சம் வராது.

ரோடும் இப்படித்தான். 1830கள்ல மதராஸ் பயனீர்ஸ் படையை வெச்சு குன்னூர் மலைப்பாதை வெட்டினாங்க. அது செங்குத்தா இருந்ததால 1870கள்ல வண்டி போற மாதிரி வேற பாதை போட்டாங்க. மேற்பார்வை பாத்த லாங்கிற அதிகாரி பேர்ல குன்னூருக்குக் கீழ ஒரு அருவியே இருக்கு. எதிர் மலையில 1899ல மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் வந்துது. 1908ல அது ஊட்டி வரைக்கும் நீண்டுது. 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆச்சு. பல்சக்கரத்தைப் பத்தி எழுதாத ஆள் இல்லை. ஆனா வருஷா வருஷம் ஐப்பசியில கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல தண்டவாளத்துல மண் சரியும், பாறை விழும், மரம் சாயும். கொட்டற மழையில கடப்பாறையோட போய் அதை எடுக்கிறது கேங்மேன்கள். அவங்க எடுத்தாத்தான் நம்ம செல்ஃபி.

* * *

நம்ம வீட்டுக்கு வர்றேன்.

அப்பாரு 1981 ஆரம்பத்துல போயிட்டார். ஆத்தா அதுக்கு முன்னாடியே போயாச்சு. மூணு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. உயில் எதுவும் எழுதலை. காரியம் முடிஞ்ச பதினாறாம் நாள், திண்ணையில உக்காந்து பெரியப்பா ஒரு நீள நோட்டு போட்டார். மண்டிக் கணக்கு எழுதற சிவப்பு அட்டை நோட்டு. முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி. கீழே 'பர்லியார் வீடு மராமத்து முறை'. 1981 பெரியப்பா, 1982 எங்கப்பா, 1983 சித்தப்பா, மறுபடி பெரியப்பா... இப்படியே சுத்தி வரும். அந்த வருஷத்து முறைக்காரர் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவுல போய் ஓடு, பீலி, வடிகால் மூணையும் முடிச்சிட்டு நோட்டுல கையெழுத்து போடணும். செலவு மூணு பங்கு.

குலதெய்வக் கோயில்ல பங்காளிங்க முறை வெச்சு வரி குடுப்பாங்க இல்லையா, அதே ஏற்பாடுதான். கோயிலுக்கு மட்டும் இல்லை, ஏரிக்கும் நம்ம ஊர்ல அதுதான் வழக்கம். குடிமராமத்துன்னு பேரு. கண்மாய்த் தண்ணி பாயற நிலம் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்கு ஒரு ஆளா வந்து வரத்துக் கால்வாயைத் தூர் வாரணும், கரையைப் பலப்படுத்தணும். வராத வீட்டுக்கு அபராதம். இந்த வழக்கம் தளர ஆரம்பிச்சதும் 1858ல மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டு அதைச் சட்டத்துக்குள்ள கொண்டுவரப் பாத்தாங்க. 2017ல தமிழ்நாடு அரசு அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டுவந்துது. பேரைத் திரும்பக் கொண்டுவந்துடலாம். வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வர்ற பழக்கத்தைக் கொண்டுவர்றதுதான் கஷ்டம்.

மலையிலயும் இது புதுசு இல்லை. படகர் ஹட்டிகள்ல பழைய வீடுங்க சுவரோட சுவர் ஒட்டி வரிசையா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் கூரையைக் கவனிக்காம விட்டா நம்ம வீட்டுக்குள்ள ஒழுகும். சண்டை போட்டுக்கிட்டாவது சேர்ந்துதான் செய்யணும். தோடர்களோட கோயில் கூரை, சதுப்பு நிலத்துல விளையற ஒரு வகைப் புல்லால வேயறது. கூரை மாத்தணும்னா பல மந்துகள்ல இருந்து ஆண்கள் வந்து சேர்ந்து செய்வாங்க. அது வேலை மட்டும் இல்லை, சடங்கும்தான். சதுப்பு நிலங்க குறைஞ்சதால அந்தப் புல் கிடைக்கிறதே இப்ப கஷ்டமா இருக்கு. கூரையைக் காப்பாத்தணும்னா புல் விளையற இடத்தையும் சேர்த்துக் காப்பாத்தணும்னு ஆயிடுச்சு.

எங்க முறை முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. 1993 பெரியப்பா முறை. அக்டோபர்லயே வடிகாலை முழங்கால் ஆழத்துக்கு எடுத்து விட்டிருந்தார். நவம்பர் மழையில பூட்டு கீட்டு பாத்துட்டு வரலாம்னு போனவர் அங்கயே மாட்டிக்கிட்டார். நவம்பர் 11, மரப்பாலம் நிலச்சரிவு. எங்க வீட்டுக்கு மேல, குன்னூர்ப் பக்கம். மலைப்பாதையோட பெரிய துண்டு அப்படியே போச்சு, வண்டிகளோட சேர்ந்து மனுஷங்களும் போனாங்க. அந்த ராத்திரி கேட்ட சத்தத்தைப் பத்திப் பெரியப்பா கடைசி வரைக்கும் ரெண்டு வரிக்கு மேல பேசினது இல்லை. "வடிகால்ல தண்ணி விடிய விடிய ஓடுச்சு. ஓடற சத்தம் கேக்கற வரைக்கும் பயமில்லைன்னு உக்காந்திருந்தேன்"னு மட்டும் சொல்வார்.

அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. மலைச்சரிவு மண் தண்ணியைக் குடிக்கக் குடிக்கக் கனக்கும். ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல மண் துகளுக்கு நடுவுல நிறையற தண்ணி ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற பிடியை விடுவிச்சிடும். அப்புறம் மண் மண்ணா இருக்காது, கூழ் மாதிரி இறங்கும். பெரிய சரிவை யாரும் மம்பட்டியால தடுக்க முடியாது. ஆனா ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பத்தடி மேடு இறங்குமா நிக்குமாங்கிறது, அந்தத் தண்ணிக்கு வேற வழி இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்தது. வழின்னா வடிகால்தான். ஒன்றரை அடி அகலம், இலை விழுந்தா மூடிக்கும், மூணு நாள் வேலை. அதுதான் வீடு.

* * *

இப்ப நான் சொல்ல வெக்கப்படற பகுதி.

2009. கணக்குப்படி எங்கப்பா முறை. அவருக்கு முட்டி வலி, சரிவுல இறங்க முடியாது. "நீ போயிட்டு வாடா"ன்னார். நான் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தேன், போகலை. தீபாவளி அக்டோபர் 17ல வந்துது, அப்பவும் வந்தேன், படம் பாத்தேன், போகலை. நவம்பர் முதல் வாரம் கட்டாயம் போறேன்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டு, அந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ்னு இருந்துட்டேன். நோட்டுல அந்த வருஷத்துக் கட்டத்துல அப்பா முன்கூட்டியே கையெழுத்து போட்டு வெச்சிருந்தார், பையன் போயிடுவான்கிற நம்பிக்கையில.

நவம்பர் 10. கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. நீலகிரி முழுக்க நூத்துக்கணக்கான இடத்துல சரிவு. நாப்பது பேருக்கு மேல இறந்து போனாங்க. குன்னூர் பாதை மூடியாச்சு, ரயில் நின்னாச்சு. எங்க வீட்டுக்குப் போன் போட்டா மணி அடிக்கலை. அஞ்சு நாள் ஒரு தகவலும் இல்லை. டிவியில ஓடற படத்துல எல்லா வீடும் எங்க வீடு மாதிரியே தெரிஞ்சுது.

பாதை திறந்ததும் நானும் பெரியப்பா பையனும் போனோம். சமையல்கட்டோட பின்சுவர் இல்லை. அடுப்பு இருந்த இடத்துல இடுப்பளவு செம்மண். அதுக்குள்ள அப்பாரு காலத்து அம்மிக்கல்லோட முனை மட்டும் தெரிஞ்சுது. ஆனா வீட்டோட மிச்சம் அப்படியே நின்னுட்டிருந்துது. மூணு அறை, திண்ணை, ஒரு ஓடுகூட நகரலை.

எப்படின்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க காவக்காரய்யாவும் அவர் சம்சாரமும் அந்த ராத்திரி அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு, அடைச்சிருந்த வடிகாலை ஒரு முனையில இருந்து வெட்டிக்கிட்டே வந்திருக்காங்க. கொட்டற மழையில, மேல எப்ப இறங்கும்னு தெரியாத மேட்டுக்கு அடியில. முக்கால்வாசி வெட்டினதும் மிச்சம் இருந்த கால்வாசிப் பக்கம்தான் சமையல்கட்டு. அதுதான் போச்சு. அவருக்கு அப்ப அறுபது வயசுக்கு மேல. "நீங்க வருவீங்கன்னு பாத்தேனுங் தம்பி. வரலை. சரின்னு எடுத்தேனுங்"ன்னார். கோவம்கூட இல்லை அந்தக் குரல்ல. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துது.

ரெண்டு உசிரு போயிருக்கும்ங்க. நான் படம் பாத்ததுக்கு.

ஊருக்குத் திரும்பி வந்து பஞ்சாயத்து கூடுச்சு. சித்தப்பா, "வித்துடலாம், யாராலயும் பாத்துக்க முடியலை"ன்னார். ரிசார்ட் கட்டறதுக்கு ஆள் கேட்டுட்டு இருந்த நேரம். நல்ல விலை. அப்பா பேசவே இல்லை. அப்பத்தான் மூத்த அத்தை வாயைத் திறந்தாங்க.

"விக்கறதுன்னா அஞ்சு பேர் கையெழுத்து வேணும். தெரியுமில்ல?"

சபை கப்சிப். உண்மைதான். அப்பாரு தானா சம்பாதிச்சு வாங்கின சொத்து, உயில் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பொண்ணுங்களுக்கும் பசங்களுக்கு இருக்கிற அதே பங்கு. சட்டம் குடுத்ததைச் சிவப்பு நோட்டு குடுக்கலை. மூணு ஆம்பளைங்க பேர்ல முறை போட்டப்பவே வீடு மூணு பேருதுங்கிற நெனப்பும் சேர்ந்து வந்துடுச்சு. அத்தை அதோட விடலை.

"முப்பது வருஷமா மார்கழியில நாங்க ரெண்டு பேரும் போய் பூஞ்சை துடைச்சோம், சுண்ணாம்பு கரைச்சோம், காப்பிப் பழம் பறிச்சோம், மொளகு காயப் போட்டோம். எங்க எழுதியிருக்கு அது? ஓடு மாத்தினா மராமத்து, ஜமக்காளம் தொவைச்சா என்ன? அந்தக் கிழவனும் கிழவியும் வருஷம் பூரா எடுத்தாங்களே, அவங்க பேரு எங்க?"

நோட்டைப் புரட்டினேன். 1981ல இருந்து 2009 வரைக்கும் 29 கையெழுத்து. காவக்காரய்யா ஒரே ஒரு இடத்துல வர்றார், செலவுக் கணக்குல: 'ஆள் கூலி'. அத்தைங்க அதுல கூட இல்லை. துரைசாணி கடிதத்துல மாலி பேர் வரலைன்னு நான் பெருசா எழுதறேன் பாருங்க, எங்க வீட்டு நோட்டும் அதே லட்சணம்தான்.

விக்கலை. புது நோட்டு போட்டோம். அத்தைதான் எழுதினாங்க. வேலையை எல்லாம் பட்டியல் போட்டதுல 17 வந்துது. முன்னாடி மூணுதான் வேலைன்னு நெனச்சிட்டிருந்தோம்! அஞ்சு வீட்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சோம். ஆம்பளை வேலை பொம்பளை வேலைன்னு கிடையாது. முதல் வருஷம் ஜமக்காளம் சித்தப்பாவுக்கு விழுந்துது. ஓடு மாத்தற வேலை சின்ன அத்தை வீட்டுக்கு. அத்தை மகள் ஏணியில ஏறினா, கீழ நாலு மாமனுங்க நின்னு ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. வடிகால் மட்டும் சீட்டுல கிடையாது. அது எல்லாருக்கும். வீட்டுக்கு ஒரு ஆள், கையில மம்பட்டி, ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு. வராத வீடு சமையல் செலவு முழுக்க ஏத்துக்கணும். (இதுவரைக்கும் ரெண்டு தடவை துபாய்க்காரன் பிரியாணிக் காசு அனுப்பிச்சிருக்கான்.)

காவக்காரய்யாவுக்குக் கூலி மாசச் சம்பளம் ஆச்சு. அவர் குடியிருந்த கொட்டகைக்குப் போட வேண்டிய ஓடும் பட்டியல்ல 17ஆவது வேலையா சேர்ந்துது. அதை அத்தை சொல்ற வரைக்கும் எங்க யாருக்கும் தோணலைங்கிறதையும் எழுதி வெக்கறேன். அவர் 2016ல போயிட்டார். அவர் பேரும் அவர் சம்சாரம் பேரும் புது நோட்டோட முதல் பக்கத்துல, அப்பாரு பேருக்குக் கீழ இருக்கு. இங்கயும் போடலாம்னு கேட்டேன். அவர் பேத்தி, "வேண்டாங்ண்ணா, நோட்டுல இருந்தாப் போதும்"னுட்டா.

வருஷா வருஷம் நவம்பர்ல மழை கொட்டும்போது எனக்குத் தூக்கம் வராது. இப்பவும்தான். ஆனா இப்ப அந்த நேரத்துல வாட்ஸப்ல ஒரு வீடியோ வரும். அந்தப் பேத்தியோட வீட்டுக்காரர் அனுப்புவார். இருட்டு, டார்ச் வெளிச்சம், வடிகால்ல செந்தண்ணி ஓடற சத்தம். ஒரு வார்த்தை பேசமாட்டார். பத்து செகண்டுதான். அஞ்சு வீட்லயும் அதைக் கேட்டுட்டுத்தான் படுப்பாங்க.

இந்த வருஷம் ஜமக்காளம் எனக்கு விழுந்திருக்கு. மொத்தம் ஒன்பது. பூஞ்சைக் கறை போக்க உங்க வீட்ல ஏதாவது வைத்தியம் இருந்தாச் சொல்லுங்க மக்களே, புண்ணியமாப் போகும்.